தானப் போர்வை பின்னப் போகிறீர்களா? நூல் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்

கொடுப்பதற்காகப் போர்வை பின்ன நினைப்பவர்களில் பாதிப்பேர் நூல் கடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராத, அசல் ஆட்டு ரோமத்தில் திரித்த நூல். அதை வாங்கி, இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பின்னி, ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்ட அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், ரொம்ப அழகாக இருக்கிறது என்றார், அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை மெஷினில் போடலாமாம்மா?"

போடக்கூடாது. ஆட்டு ரோமம் சூடும் உரசலும் பட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடும். மெஷினிலிருந்து எடுக்கும்போது என் போர்வை ஒரு தடித்த கால்மிதியாகத்தான் வந்திருக்கும். அங்கே நாற்பது பேர் துணியை மொத்தமாகச் சுடுதண்ணீரில் துவைக்கிறார்கள். என் ஒரு போர்வைக்காக வாளியில் தனியாக ஊற வைத்து அலசிப் போட யாருக்கு நேரம்? அது கடைசியில் அலமாரியில்தான் உட்கார்ந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனால் இந்த வேலையில் முதல் படி ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஒரு போன்.

முதலில் கேட்க வேண்டியவை

எங்கே கொடுக்கப்போகிறீர்களோ அங்கே கூப்பிட்டு, இப்போது போர்வை தேவையா என்று முதலில் கேளுங்கள். சில மருத்துவமனைகள் தொற்று பயத்தால் கையால் செய்த துணி எதையும் வாங்குவதில்லை, சில இடங்களில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும். தேவை என்றால் யாருக்கு, என்ன அளவு, எந்த நூல் ஒத்துவரும், எப்படித் துவைப்பார்கள், எந்த நிறம் வேண்டாம், எத்தனை தேவை என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு. இதைச் செய்யக் கூச்சப்பட்டுத்தான் நிறையப் பேர் இரண்டு மாத உழைப்பை வீணாக்குகிறார்கள்.

இதற்கென்றே நடக்கும் அமைப்புகள் தங்கள் அளவுகளையும் விதிகளையும் தெளிவாகவே சொல்லிவிடுகின்றன. 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய புராஜெக்ட் லைனஸ், நோயிலோ வேறு துன்பத்திலோ இருக்கும் குழந்தைகளுக்குப் போர்வை கொடுக்கிறது. லைனஸ் என்பது எப்போதும் போர்வையை இழுத்துக்கொண்டே திரியும் ஒரு கார்ட்டூன் சிறுவனின் பெயர். வார்ம் அப் அமெரிக்கா 1991இல் தொடங்கியது, அவர்கள் முழுப் போர்வையைக் கேட்பதில்லை, 7 அங்குலத்துக்கு 9 அங்குலத் துண்டுகளைக் கேட்கிறார்கள். நிட்-எ-ஸ்கொயர் என்று ஒன்று, உலகம் முழுவதிலிருந்தும் வரும் 20 செ.மீ. சதுரங்களை இணைத்துத் தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்குப் போர்வையாக்குகிறது. முதல் முறை பின்னுகிறவருக்கு இந்தத் துண்டு வழிதான் நல்லது என்பேன். ஒரு சதுரம் ஒரு சாயங்காலத்தில் முடியும். முழுப் போர்வை என்று ஆரம்பித்து கால்வாசியில் நின்றுபோனவை எத்தனை வீட்டுப் பரணில் இருக்கின்றனவோ.

யாருக்கு என்பதுதான் அளவைத் தீர்மானிக்கும்

குறைமாதக் குழந்தைகளுக்கு 45 முதல் 60 செ.மீ. சதுரம் போதும். பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும், பெரிய ஓட்டையில் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். குஞ்சம், பொத்தான், ரிப்பன், உதிரும் பஞ்சு நூல் எதுவும் கூடாது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை எதுவும் இருக்கக்கூடாது, முகத்தில் ஏறினால் மூச்சை அடைத்துவிடும் என்பது குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அப்படியானால் எதற்கு இந்தப் போர்வை? இன்குபேட்டரின் மேல் போட்டு வெளிச்சத்தை மறைக்க, அம்மா மடியில் வைத்திருக்கும்போது சுற்ற, பார்த்துக்கொண்டே தரையில் விரித்துப் படுக்க வைக்க. சில பெற்றோருக்குக் குழந்தை போய்விட்ட பிறகு கையில் மிஞ்சுவதும் அதுதான். அதனால் இதில் மட்டும் "பரவாயில்லை, போதும்" என்று விட்டுவிடாதீர்கள்.

கைக்குழந்தைக்கு 75க்கு 90 செ.மீ. வளர்ந்த குழந்தைகளுக்கு ஒரு மீட்டருக்கு மேல். அவர்கள் மேலே போர்த்துவதைவிடக் கூடாரம் கட்டுவதற்கும் தரதரவென்று இழுத்துப் போவதற்கும்தான் அதிகம் பயன்படுத்துவார்கள் என்பதை மனதில் வைத்துப் பின்னுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 90 செ.மீ. சதுரம். இதைவிட நீளமாகப் போனால் சக்கரத்தில் சிக்கும், குஞ்சம் வைத்தால் கண்டிப்பாகச் சிக்கும். வயதானவர்களுக்கு என்றால் உடனே சாம்பலையும் மங்கல் பழுப்பையும் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எழுபது வயதில் சிவப்பு பிடிக்காமல் போய்விடுமா என்ன? வீடில்லாமல் வெளியில் தூங்குகிறவர்களுக்கு மட்டும் அடர் நிறம் எடுங்கள், அழுக்கு தெரியாது, இரவில் பார்வையை இழுக்காது. அளவும் ஆள் நீளத்துக்கு, 120க்கு 180 செ.மீ. வாக்கில் வேண்டும்.

சரி, முதலில் கோணல்மாணலாக வருமே, அதை என்ன செய்வது? விலங்குக் காப்பகங்கள் இருக்கின்றன. பூனைக்கு நாற்பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கவலையில்லை. நகம் மாட்டாதபடி நெருக்கமாக இருந்தால் போதும்.

நூல்

உங்களுக்குப் பிடித்த நூலும் அவர்களுக்குத் தேவையான நூலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் அக்ரிலிக் என்னும் செயற்கை நூலைத்தான் கேட்பார்கள். மெஷினில் போடலாம், சீக்கிரம் உலரும், சுருங்காது, ரோமம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அரிக்காது. பருத்தி நூல் வெயில் பிரதேசத்துக்கும் குழந்தைகளுக்கும் நல்லது, ஆனால் ஈரமானால் கல் மாதிரி கனக்கும், உலர ரொம்ப நேரம் எடுக்கும். அக்ரிலிக்கில் ஒரு குறை, நெருப்பு பட்டால் உருகி ஒட்டும். திறந்த அடுப்பு, கணப்பு பக்கத்தில் புழங்கும் போர்வை என்றால் ரோம நூல்தான் பாதுகாப்பு, அது லேசில் தீப்பிடிக்காது. இதையும் அந்த போனிலேயே கேட்டுவிடலாம்.

நூல் உருண்டையின் லேபிளில் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும், அது தடிமன். புதியவர்கள் 4 எடுங்கள், கண்ணிகள், அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையமும், கண்ணுக்குத் தெரியும், கையும் வேகமாகப் போகும், குழந்தைகளுக்கு 3. நான்காம் எண் நூலுக்கு, கொக்கி வைத்த ஒரே ஊசியால் பின்னும் குரோஷே என்றால் 5.5 அல்லது 6 மி.மீ. ஊசி, இரண்டு ஊசியால் பின்னும் நிட்டிங் என்றால் 5 மி.மீ. ஊசி. அதே லேபிளில் சாயத் தொகுதி எண்ணும் இருக்கும், ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கெல்லாம் ஒரே எண். ஒரே நீலம் என்று நினைத்து வேறு தொகுதி நூலை வாங்கி வந்தால், கடை விளக்கில் தெரியாத வித்தியாசம் வீட்டு வெயிலில் பட்டை பட்டையாகத் தெரியும். மொத்தத்தையும் ஒரே தடவை வாங்கிவிடுங்கள். 90 செ.மீ. சதுரத்துக்கு அரைக் கிலோ வாக்கில் ஆகும், கை தளர்வா இறுக்கமா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே.

மிச்ச நூலையெல்லாம் சேர்த்துப் பின்னலாமா? தாராளமாக, ஆனால் தடிமனும் வகையும் ஒன்றாக இருந்தால் மட்டும். அக்ரிலிக்கும் ரோமமும் கலந்து பின்னிய ஒரு போர்வை முதல் துவையலிலேயே அங்கங்கே முடிச்சு விழுந்த மாதிரி இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு விஷயம், சொன்னால் கோபிக்காதீர்கள்: பத்து வருடமாகப் பெட்டியில் கிடந்து அந்துருண்டை வாசனை ஏறிய நூலை "தானத்துக்குத்தானே" என்று எடுக்க வேண்டாம்.

நிட்டிங்கா, குரோஷேவா?

புதியவர்களுக்கு குரோஷே. ஒரே ஊசி, எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாலும் ஊசி உருவிக்கொண்டு நூறு கண்ணி அவிழ்ந்துவிடாது. அதே அளவுக்கு நிட்டிங்கைவிட நூல் கூடுதலாகப் பிடிக்கும், துணியும் சற்று விறைப்பாக வரும். நிட்டிங் போர்வை உடம்போடு படிந்து விழும் அழகே தனி, அதற்குப் பொறுமை வேண்டும், அகலமான போர்வைக்கு வட்ட ஊசியும், அதாவது வளையும் கம்பியால் இணைத்த ஊசி ஜோடியும், வேண்டும். வட்டமாகப் பின்ன அல்ல, அந்த எடையை மடியில் தாங்க.

குரோஷேவில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. நானும் விழுந்தேன். 100 கண்ணியில் தொடங்கிய போர்வை, ஒரு ஜாண் வளர்ந்த பிறகு தரையில் விரித்துப் பார்த்தால் மேலே குறுகிக் குறுகி மாம்பழத் துண்டு மாதிரி நின்றது. எண்ணினால் 81. எங்கே போயின 19 கண்ணிகள்? டபுள் குரோஷே என்னும் உயரமான கண்ணியில், ஒவ்வொரு வரிசை தொடக்கத்திலும் மூன்று சங்கிலி (வளையத்துக்குள் வளையமாக இழுக்கும் வெறும் கண்ணி) போட்டு மேலேறுகிறோமே, அந்த மூன்றும் சேர்ந்து ஒரு கண்ணிக் கணக்கு. திரும்பி வரும்போது வரிசையின் கடைசிக் கண்ணியை அந்தச் சங்கிலியின் உச்சியில் குத்த வேண்டும். ஆனால் அது கண்ணி மாதிரியே தெரியாது, ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் நூல் மாதிரி இருக்கும், அதனால் அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். வரிசைக்கு ஒன்று போயிற்று. மருந்து எளிது: மூன்றாவது சங்கிலி போட்டவுடன் அதில் ஒரு ஊக்கு மாட்டுங்கள், திரும்பி வந்து ஊக்கு இருக்கும் இடத்தில் குத்துங்கள். பத்து வரிசை போனதும் கண்ணே பழகிவிடும். தொடக்கச் சங்கிலி இறுகினாலும் கீழ் ஓரம் சுருங்கி இழுக்கும், அதை மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியில் போடுங்கள்.

இன்னொரு குழப்பம், டபுள் குரோஷே என்று அமெரிக்கர்கள் சொல்வதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டிரெபிள் என்கிறார்கள்; பிரிட்டிஷ் டபுள் என்பது அமெரிக்க சிங்கிள், அதாவது உயரம் குறைந்த கண்ணி. எந்த மாதிரிப் படத்தை எடுத்தாலும் எந்த நாட்டுக் கணக்கு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இங்கே நான் எழுதுவது அமெரிக்கக் கணக்கு.

முதல் போர்வைக்கு ஒரு வழி

பெரிய கிரானி ஸ்கொயர். ஓரம் குறுகும் பிரச்சினையே கிடையாது, நடுவிலிருந்து நாலா பக்கமும் வளரும், எந்தச் சுற்றில் வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

நான்கு சங்கிலி போட்டு முதல் சங்கிலியோடு இணைத்து வளையமாக்குங்கள். மூன்று சங்கிலி ஏறி, வளையத்துக்குள்ளேயே இரண்டு டபுள் குரோஷே போடுங்கள். இது மூன்று கண்ணி கொண்ட ஒரு கொத்து. இரண்டு சங்கிலி, மறுபடி மூன்று டபுள், இரண்டு சங்கிலி என்று நான்கு கொத்து, நான்கு இடைவெளி. கடைசி இரண்டு சங்கிலிக்குப் பிறகு முதல் மூன்று சங்கிலியின் உச்சியோடு இணைக்கவும். அந்த நான்கு இடைவெளிகள்தான் மூலைகள்.

இப்போது போர்வையைத் திருப்புங்கள். பலர் திருப்பாமலே சுற்றிக்கொண்டு போவார்கள், பெரிதாகப் பெரிதாகச் சதுரம் ஒரு பக்கமாகத் திருகும், ஒவ்வொரு சுற்றுக்கும் திருப்பினால் அது நேராக நிற்கும். திருப்பியதும் பக்கத்திலேயே ஒரு மூலை இடைவெளி இருக்கும், அதற்குள் நழுவிப் போய் மூன்று சங்கிலி, இரண்டு டபுள். அடுத்த மூலையில் மூன்று டபுள், இரண்டு சங்கிலி, அதே மூலையிலேயே மறுபடி மூன்று டபுள். மற்ற இரண்டு மூலைகளிலும் இப்படியே. சுற்றி வந்து தொடங்கிய மூலையில் மூன்று டபுள், இரண்டு சங்கிலி போட்டு இணைத்துத் திருப்புங்கள். மூன்றாம் சுற்றிலிருந்து மூலைக்கு மூலை நடுவே கொத்துகளுக்கு இடையில் சந்துகள் வரும், ஒவ்வொரு சந்திலும் மூன்று டபுள் ஒரு கொத்து. அவ்வளவுதான் மொத்தப் போர்வையும்.

நான்காம் எண் நூலில் 30 சுற்று வாக்கில் 90 செ.மீ. வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: முதல் சுற்றில் 12 கண்ணி, முப்பதாவது சுற்றில் 360. முதல் நாளிலேயே எட்டு சுற்று ஓடிவிடும், ஆகா இவ்வளவுதானா என்று தோன்றும். உண்மையில் 21 சுற்று முடிந்தபோதுதான் பாதி வேலையும் பாதி நூலும் முடிந்திருக்கும். அது தெரியாமல் 21ஆம் சுற்றில் மிச்சம் இருக்கும் நூலைப் பார்த்து நிறைய இருக்கிறது என்று யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நிட்டிங்தான் வேண்டும் என்பவர்களுக்கு மூலையிலிருந்து மூலைக்குப் போகும் கார்ட்டர் ஸ்டிச் போர்வை. எல்லா வரிசையும் நிட் என்னும் நேர்க் கண்ணி மட்டும், பர்ல் என்னும் எதிர்க் கண்ணி கிடையாது, ஓரம் சுருளாது. நான்கு கண்ணி ஏற்றுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கண்ணி பின்னி, நூலை ஊசியில் ஒரு சுற்று போட்டு, மிச்சத்தை நேராகப் பின்னிக்கொண்டே போனால் வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். பக்க ஓரம் வேண்டிய நீளம் வந்ததும் குறைக்க ஆரம்பிக்கலாம்: ஒன்று பின்னி, இரண்டைச் சேர்த்து ஒன்றாக, ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்றாக, மிச்சம் நேராக. நான்கு கண்ணி மிஞ்சும்போது முடித்துவிடுங்கள். இதில் எனக்குப் பிடித்தது, சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நூல் தீர்ந்துபோகும் பயமே இல்லை. மொத்த நூலையும் தொடங்கும் முன் எடை போட்டு வையுங்கள், பாதி எடை கரைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குறைக்கத் தொடங்குங்கள். ஓரத்தில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் வரும், அழகாகத்தான் இருக்கும், ஆனால் குறைமாதக் குழந்தைக்கு இந்த மாதிரி வேண்டாம்.

பலர் சேர்ந்து பின்னும்போது

20 செ.மீ. சதுரங்கள் 35 இருந்தால், ஐந்துக்கு ஏழாக அடுக்கி ஒரு மீட்டருக்கு 1.4 மீட்டர் போர்வை கிடைக்கும். கணக்கு சுலபம், மனிதர்கள்தான் கஷ்டம். ஒரே நூலை, ஒரே ஊசியை, ஒரே எண்ணிக்கையைக் கொடுத்தாலும் ஒருவர் கை 18 செ.மீ. பின்னும், இன்னொருவர் கை 22. கண்ணியை எண்ணச் சொல்லாமல் ஆளுக்கு ஒரு 20 செ.மீ. அட்டையை வெட்டிக் கொடுத்துவிடுங்கள், அட்டை மூடினால் நிறுத்து, அவ்வளவுதான். அப்படியும் சின்னதாக வந்ததைச் சுற்றி ஒரு வரிசை சிங்கிள் குரோஷே ஓட்டினால் சரியாகிவிடும். இணைக்கும் வேலையை ஒரே ஆள் செய்யட்டும், ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்துத் தைத்தால் நடுவில் புடைக்கும். தையல் நூலை இறுக்காதீர்கள், போர்வை இழுபடும்போது முதலில் அறுவது அதுதான்.

பலர் துண்டுகள் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு: 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு கின்னஸ் சாதனையாக விரித்த குரோஷே போர்வை 11,148.5 சதுர மீட்டர். நீங்கள் 35 சதுரத்தில் தொடங்குங்கள்.

முடிக்கும் வேலை

இதில்தான் தானப் போர்வைகள் தோற்கும். பின்னல் அருமையாக இருக்கும், மூன்று துவையலில் நூல் முனைகள் எல்லாம் வெளியே தலை நீட்டும். நூல் மாற்றும் இடத்தில் முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடுவதுதான் காரணம். முடிச்சு அவிழும், அவிழாவிட்டால் உடம்பில் உறுத்தும். ஒவ்வொரு முனையிலும் 15 செ.மீ. விட்டு, மழுங்கிய ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள் ஒரு பக்கமாக ஐந்து செ.மீ., திரும்பி எதிர்ப்பக்கமாக, அப்புறம் ஒரு முறை குறுக்கே என்று மூன்று திசையில் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். எல்லா முனையையும் கடைசிக்கு வைத்தால் அலுத்துப்போய் ஏமாற்றத் தோன்றும், அன்றன்றைக்கு முடித்துவிடுங்கள்.

பிறகு துவையுங்கள், அவர்கள் எப்படித் துவைப்பார்களோ அப்படியே. மெஷினில் போட்டு அவிழ்வதென்றால் உங்கள் வீட்டிலேயே அவிழட்டும், சரி செய்துவிடலாம். அடர் நிறம் என்றால் கூட ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டு சாயம் போகிறதா என்று பாருங்கள். வாசனைப் பொடி, கம்ஃபர்ட் எதுவும் வேண்டாம், நோயாளிகளுக்கு அந்த வாசனையே இடைஞ்சல். அக்ரிலிக் போர்வைக்குச் சூடான இஸ்திரி கூடவே கூடாது, நூல் தளர்ந்து உயிரில்லாமல் தொங்கும், பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வீட்டில் நாய் பூனை இருந்தால் ஒட்டும் டேப்பை வைத்து ரோமத்தை எடுத்துவிட்டு, உலர்ந்ததும் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

ஊக்குகளை எண்ணுங்கள். எத்தனை மாட்டினீர்களோ அத்தனையும் கையில் வந்தால்தான் போர்வை வெளியே போக வேண்டும். ஒரு தடவை எனக்கு ஒன்று குறைந்தது. முழுப் போர்வையையும் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தும் கிடைக்கவில்லை, கடைசியில் சோபா இடுக்கில் இருந்தது. அந்த அரை மணி நேரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு சின்னத் துணிப் பட்டையிலோ அட்டையிலோ என்ன நூல், எப்படித் துவைப்பது என்று மட்டும் எழுதி இணைக்கவும். உங்கள் பெயர், போன் நம்பர், "அன்புடன் பின்னியது" எல்லாம் அவர்கள் கேட்டால் மட்டும். யாருக்குக் கொடுத்தார்கள், போட்டோ அனுப்ப முடியுமா என்று துரத்தாதீர்கள்.

அதே முதியோர் இல்லத்துக்கு ஒரு வருடம் கழித்து இரண்டாவது போர்வை கொண்டுபோனேன், அக்ரிலிக், பளிச்சென்ற சிவப்பும் நீலமும். அதே அம்மாதான் வாங்கினார். இந்தத் தடவை அழகாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கவில்லை, நேராக மூலையைத் தேடி, பட்டையைப் படித்து, "சரி" என்று சொல்லிவிட்டு, நான் மடித்துக் கட்டியிருந்த பையைப் பிரித்துத் துவைக்கும் கூடைக்குள் போட்டார். அங்கே புதிதாக எது வந்தாலும் ஒரு தடவை மெஷினில் சுற்றி எடுத்த பிறகுதான் கட்டிலுக்குப் போகுமாம்.